இருபத்து மூன்று லிஃப்ட்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை நீலத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், நான் செய்த முதல் காரியம் என் அக்காவின் இரண்டரை மாத உழைப்பை அழித்ததுதான். நான்கு விநாடி ஆனது. ‘எல்லாப் படங்களும் அழிந்துவிடும், சரியா?’ என்று கேமரா மரியாதையாகக் கேட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் அவ்வளவு நேரடியாக எதையும் கேட்டதில்லை. நான் ‘சரி’ என்று அழுத்தினேன்.

குற்றம் கையுடையது. இருபத்திரண்டு வருடமாக எந்த வேலைக்குப் போனாலும் முதலில் மெமரி கார்டைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். தொழில் சுத்தமாம். அன்று காலை என் கேமராவின் ஷட்டர் மாட்டிக்கொண்டது. மேசை இழுப்பறையில் கிடந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது நான் அக்காவுக்கு இரவல் கொடுத்திருந்த கேமரா. வெள்ளிக்கிழமைதான் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

“இதுல இருபத்து மூணு படம் இருக்கு. எல்லாத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடு. வியாழக்கிழமைக்கு வேணும்” என்றாள்.

“இருபத்து மூணா? டீ ஆறதுக்குள்ள போட்டுத் தர்றேன்” என்றேன். டீயும் ஆறியது, சனி ஞாயிறும் போனது, திங்கட்கிழமை வந்துவிட்டது.

நாற்பதாவது ஆள் கணக்குப் பிரிவுக்காரர். பெரிய தாடை. “என் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க” என்று நச்சரித்தார். காட்டுவதற்காகப் பின்னோக்கித் தள்ளினேன். ஒன்றாம் நம்பருக்கு முன்னால் எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தன் தாடையைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பையில் வேறு கார்டு இருந்தது. அந்த நிமிஷமே அதை மாற்றியிருந்தால், அழிந்த படங்களில் பாதியையாவது மீட்டிருக்கலாம். அழித்த படத்தின் மேல் புதுப் படம் ஏற ஏறத்தான் பழையது உண்மையாகவே சாகும். இது எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் இருநூற்று எழுபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். “அடுத்தவங்க வாங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணைத் திறங்க” என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. அக்காவின் படங்கள்மேல் ஒவ்வொரு ஆளாக ஏறி உட்கார்ந்தார்கள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு கட்டடங்கள், இருபத்து மூன்று லிஃப்ட்கள் அவர் பொறுப்பில் இருந்தன. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “மார்பளவு” என்பார். “மனுஷனுக்குக் காலும் இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா மார்பளவு? நீ எடுக்கிற படத்துல எவனுக்கும் இடுப்புக்குக் கீழ எதுவுமே இல்லையே!” தினமும் நாலு மணிக்கு, எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அக்காவுக்கு ஃபோன் பண்ணுவார். “ஒன்பதாவது மாடில நிக்கிறேன். கீழ வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?” அவ்வளவுதான் பேச்சு.

போன வருடம் ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி ஒரு மொட்டைமாடி மெஷின் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அக்கா அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து அவருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினாள். சாயங்காலம் அதைத் திறந்து, கொட்டி, கழுவிக் கவிழ்த்தாள். “பழக்கதோஷம், பத்து நாள்ல சரியாயிடும்” என்றார்கள் உறவினர்கள். நானும் சொன்னேன். மூன்று மாதம் டப்பா கட்டினாள். பிறகு ஒருநாள் லிஃப்ட் கம்பெனி அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டாள்: “ஒரு மனுஷனை இப்படியா வேலை வாங்குவீங்க? வீட்டுக்கே அனுப்ப மாட்டேங்கறீங்க!” அங்கிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

மனநல ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் இருந்தாள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, “வீட்டுல யாராவது அவர் இறந்துட்டார்னு அவங்ககிட்ட வாயால சொன்னீங்களா?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ‘மச்சான் போயிட்டார்’ என்றுதான் சொல்லியிருந்தோம். அவர் தினமும் காலையில் போகிறவர்தானே.

வீட்டுக்கு வந்த பிறகு வியாழக்கிழமைதோறும் அவளை ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். கவுன்சிலர் மேடம் ஒருவர் நடத்தினார். எட்டுப் பேர் வட்டமாக உட்கார வேண்டும். அந்த வாரம் எடுத்த படத்தைக் காட்டி, ஏன் எடுத்தேன் என்று ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுத்தால் மனசு சரியாகும் என்றால், இருபத்திரண்டு வருடத்தில் நான் ஞானியாகியிருக்க வேண்டும். ஆனாலும் கேமராவைக் கொடுத்தேன்.

பதினைந்து வியாழக்கிழமை அக்கா வாயே திறக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போன வியாழன் மேடம் வெளியே வந்து, எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னார்:

“உங்க அக்கா இன்னைக்குக் கை தூக்கினாங்க. ‘அடுத்த வாரம் நான் காட்டுறேன்’னாங்க. இது சின்ன விஷயம் இல்ல. அந்தப் படங்க பத்திரமா இருக்கட்டும்.”

“என்கிட்டதான மேடம் வரப்போகுது, கவலையே படாதீங்க” என்றேன்.

அந்தப் படங்களில் நாலைந்தைக் கேமராவின் சின்னத் திரையில் முன்பே பார்த்திருந்தேன். லிஃப்டின் உட்புறம், ஸ்டீல் சுவர், நடுவில் ஃப்ளாஷ் அடித்து வெளுத்துப்போன ஒரு சதுரம். எல்லாமே கோணல்.

“என்னக்கா இது?”

“லிஃப்ட்.”

“தெரியுது. லிஃப்ட்ல என்ன?”

“லிஃப்ட்தான்.”

“ஸ்டீல்ல ஃப்ளாஷ் அடிச்சா இப்படித்தான் வெளுக்கும். ஃப்ளாஷை அணைச்சிட்டு எடு” என்று சொல்லிக்கொடுத்தேன். அவளிடம் கேட்பதற்கு என்னிடம் இருந்த கேள்வி அவ்வளவுதான்.

திங்கள் மாலை ஸ்டூடியோ ஷட்டரை இறக்கிவிட்டு, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். மூன்று மணி நேரம் அரைத்து ஒரே ஒரு படத்தைக் கக்கியது. மேல்பாதியில், லிஃப்ட் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டை: ‘மாதாந்திரப் பராமரிப்பு’ என்று தலைப்பு, கட்டம் போட்ட அட்டவணை, முதல் வரிசையில் ஜனவரி. கையெழுத்துப் பகுதி தொடங்கும் இடத்தில் படம் வெட்டுப்பட்டு, கீழ்ப்பாதியில் கணக்குப் பிரிவுக்காரரின் தாடை.

அப்போதுதான் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தேன். மெக்கானிக் மாதாமாதம் வந்து லிஃப்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் அட்டை அது. அக்கா இருபத்து மூன்று லிஃப்டிலும் ஏறி இறங்கி, தன் புருஷனின் கையெழுத்தைச் சேகரித்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேடத்துக்கு ஃபோன் செய்தேன்.

“ஒரு சந்தேகம் மேடம். பொதுவா கேக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு வர்றவங்க யாராவது படத்தைத் தொலைச்சிட்டா என்ன ஆகும்?”

“யாரு தொலைச்சா?”

“யாரும் இல்ல. பொதுவா.”

“அது ஆளைப் பொறுத்தது. படத்தைப் பொறுத்தது. நிலைமையைப் பொறுத்தது” என்றார். பிறகு, “பொதுவா நடந்திருந்தா, பொதுவா ஒண்ணும் பண்ணிடாதீங்க. எங்கிட்ட சொல்லுங்க” என்றார். கெட்டிக்காரி. நான் கெட்டிக்காரன் இல்லை. “சேச்சே, சும்மா கேட்டேன்” என்று வைத்துவிட்டேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானின் வேலைப் பட்டியல், கட்டட முகவரிகளோடு, ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது.

“என்னடா இந்த நேரத்துல?”

“சும்மா வந்தேன்.”

“சும்மா வர்ற மூஞ்சியா இது? பிரிண்ட் ஆச்சா?”

“நடந்துட்டிருக்கு. நல்ல பேப்பர்ல போடலாம்னு ஆர்டர் பண்ணியிருக்கேன். தூங்கினியா? மாத்திரை போட்டியா? சாப்டியா?”

“தூங்கினேன், போட்டேன், சாப்டேன். வேற ஏதாவது கேக்கத் தெரியுமா உனக்கு?”

தெரியாது. அவள் டீ போடப் போனபோது பட்டியலை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். அலமாரியில் கவிழ்ந்திருந்த சாப்பாட்டு டப்பாவை வழக்கம்போல விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தால் நல்ல நாள். நாலு மாதமாக இந்த வீட்டில் என் வைத்தியம் இதுதான்.

முதல் கட்டடத்தின் காவலாளி என் கேமராவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

“நீங்களுமா? ஏற்கெனவே ஒரு அம்மா வந்து வந்து எடுத்துட்டுப் போனாங்க. அந்த லிஃப்ட்ல என்னதான் இருக்கு?”

“அவங்க என் அக்கா.”

“அப்படியா? பாவம், யாரோடயும் பேச மாட்டாங்க. மேல போவாங்க, கீழ வருவாங்க, மறுபடியும் மேல. ஒருநாள் நான் உள்ள இருக்கும்போதே ஏறினாங்க. ‘எந்த மாடி?’ன்னேன். ‘தெரியல, நீங்க போங்க’ன்னாங்க.”

லிஃப்டுக்குள் போய்ப் பார்த்தேன். அட்டை புத்தம் புதியது. இந்த வருடத்தினுடையது. ஜனவரிக் கட்டத்தில் யாரோ சுருள் சுருளாக, சினிமாக்காரர் ஆட்டோகிராஃப் மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தார்.

“பழைய அட்டை எங்கேங்க?”

“வருஷம் முடிஞ்சதும் புது மெக்கானிக் வந்து மாத்திட்டார்.”

“பழசைக் கம்பெனிக்குக் கொண்டுபோனாரா?”

“எதுக்கு? இங்கயே நாலாக் கிழிச்சுக் குப்பைல போட்டார். அதை யாரு வச்சுக்குவா?”

புதன்கிழமை காலைக்குள் பதினாறு கட்டடங்களும் ஏறி இறங்கினேன். எல்லாவற்றிலும் புது அட்டை, எல்லாவற்றிலும் அந்த ஆட்டோகிராஃப். அக்காவை மாதிரியே எடுக்க வேண்டும் என்பதற்காக, ஃப்ளாஷைப் போட்டு, கேமராவைச் சாய்த்து, மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தினேன். மோசமாகப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கை தன்னால் நேராகிவிடுகிறது. பதினோராவது கட்டடத்தில், வயதான ஒரு பெண்மணி எனக்கு உதவுவதாக நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நேரா பிடிப்பா, கோணலா வருது” என்றார்.

புதன்கிழமை மதியம் கணினி முன்னால் உட்கார்ந்தேன். இந்த வருடத்தைப் போன வருடமாக்கினேன். ஆட்டோகிராஃபைத் துடைத்தேன். மச்சானின் கையெழுத்து என்னிடம் ஒன்று இருந்தது. ஸ்டூடியோ வாடகை ஒப்பந்தத்தில் எனக்குச் சாட்சியாகப் போட்டது. அதை வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருந்தால் பொய் தெரியும் என்று ஒன்றைக் கொஞ்சம் சாய்த்தேன், ஒன்றின் மையை வெளிறவைத்தேன், ஒன்றில் பேனா திக்கினது போலச் செய்தேன். மரு எடுத்து, பல் ஒட்டி, வழுக்கைக்கு முடி வைத்துப் பழகிய கை. ஜனவரி முதல் டிசம்பர் வரை, இருபத்து மூன்று அட்டையும் நிரம்பியது. எனக்கே பெருமையாக இருந்தது. மச்சான் பக்கத்தில் நின்று, “பரவாயில்லையே மார்பளவு” என்பது மாதிரிகூட இருந்தது.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில், நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கைப்பையைக் காலடியில் வைத்தாள்.

“எங்கே?”

கவரை நீட்டினேன். “ஃபிரேம் ஏதும் போடணுமா மேடம்? பழைய கஸ்டமருக்கு இலவசம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. முதல் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் ஜனவரியில் தொடங்கியது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று உதடு அசைந்தது. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. ஜூனுக்குப் போனது. ஜூலைக்குப் போனது. டிசம்பர்வரை போய், மறுபடி மேலே வந்தது. அவள் முகம் மெல்ல மாறியது. நாலு மணிக்கு ஃபோன் அடிக்கும்போது முன்னெல்லாம் ஒரு முகம் வருமே, அந்த முகம். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் எவ்வளவு பெரிய மடையன் என்றால், அவளுக்குப் படம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். “நல்லா வந்திருக்குல்ல?” என்றுகூடக் கேட்டேன்.

அவள் இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதை. பிறகு முதலாவதை மறுபடி எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். அந்த முகம் போய்விட்டது.

“இது அவர் பேங்க்ல போடுற கையெழுத்துடா.”

நான் கவுண்டர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

“லிஃப்ட் கார்டுல இவ்வளவு நீளமா போட மாட்டார். ஒரு கோடு, ஒரு புள்ளி. கையெல்லாம் கிரீஸு, இதுக்கு மேல எழுதினா அட்டை நாறிடும்பார்.” படத்தைக் கீழே வைத்தாள். “என் படமெல்லாம் எங்கே?”

“அழிஞ்சிடுச்சுக்கா.”

“அழிஞ்சிடுச்சா, அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேன்” என்றேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இருபத்து மூன்றையும் கவுண்டர் கண்ணாடிமேல் வரிசையாகப் பரப்பினாள்.

“உன் மச்சான் செத்தது எந்த மாசம்?”

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதே இல்லை. “ஏப்ரல்” என்றேன்.

“இங்க பாரு. மே, ஜூன், ஜூலை… டிசம்பர். செத்ததுக்கு அப்புறம் எட்டு மாசம் வேலைக்கு வந்திருக்கார். இருபத்து மூணு லிஃப்டுக்கும். ஒருநாள் லீவு போடல.”

பார்த்தேன். இரண்டு நாளாகக் கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த அட்டைகள். மையின் வெளிறல்வரை யோசித்த எனக்கு, அந்த ஆள் ஏப்ரலில் செத்துப்போனது மறந்துவிட்டிருந்தது.

“நான் கையெழுத்தை எடுக்கலடா” என்றாள் அக்கா. “மே மாசக் கட்டத்தை எடுத்தேன். ஏப்ரல் வரைக்கும் கோடு, புள்ளி. மே காலி. கம்பெனிக்கு வேற ஆள் கிடைக்கல போல. ஜூன்ல அந்தச் சுருட்டைக் கையெழுத்துக்காரன் வந்துட்டான். முதல் லிஃப்ட்ல காலிக் கட்டத்தைப் பார்த்தப்போ, மறந்திருப்பார்னு நினைச்சேன். ரெண்டாவதுல பார்த்தப்போ, வேற கட்டடத்துல வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்னு சொல்லிக்கிட்டேன். ஒவ்வொண்ணா போய்ப் பார்த்தேன். அவரு ஒண்ணு ரெண்டை விடுவார். இருபத்து மூணையும் விடமாட்டார். கடைசி லிஃப்ட்ல அந்தக் கட்டம் காலியா இருந்ததைப் பார்த்தப்புறம்தான் அழுதேன். அங்கேயே, கதவு திறந்து திறந்து மூடிட்டு இருந்துச்சு.”

வெளியே யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டி, பாஸ்போர்ட் அளவு உடனே கிடைக்குமா என்று சைகையில் கேட்டார். கையை ஆட்டி அனுப்பினேன்.

“நாளைக்கு அத்தனையையும் மேஜைல பரப்பி வச்சு, எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு இருந்தேன். ‘இது என் புருஷன் வராத மாசம்’னு. ஒரே வரி. அதுக்கு இருபத்து மூணு வேணும்டா. எனக்கு ஒண்ணு ரெண்டு பத்தாது.”

“நான் வேணா மேடம்கிட்ட பேசி…” என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. ‘சாப்டியா’ நுனிநாக்குவரை வந்தது. ‘டீ சொல்லவா’ அதன் பின்னால் நின்றது. ஒரு ஜோக்கும் வரிசையில் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். தோளில் இன்னும் மாட்டியபடியே இருந்த அந்தக் கைப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

“அக்கா, முதல் படத்தைப் பார்த்ததும் பையை எடுத்து மாட்டிக்கிட்டியே. மச்சான் உயிரோட இருக்கார்னு நினைச்சியா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒன்பது மாதத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“நினைச்சேன்” என்றாள். “ஒரு நிமிஷம். முழுசா நம்பிட்டேன். வீட்டுக்கு ஓடிப்போனா இருப்பார்னுதான் பையை எடுத்தேன். இப்ப இல்லைன்னு தெரியுது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போதும் தெரியுமான்னு கேட்டா, தெரியாது. காலைல ஆறரைக்குத் தெரியுமான்னு கேட்டா, அதுவும் தெரியாது. நீ பண்ணினதுல எனக்குப் பயம் வந்திருக்குடா. இன்னைக்கு நான் தனியா போக மாட்டேன். நீ வந்து இரு. நாளைக்கு அந்தக் கவுன்சிலரம்மாகிட்ட என்ன பண்ணினேன்னு நீயே உன் வாயால சொல்லு.”